எக்கிட்னா பார்க்க எங்கே போகலாம்? கங்காரு தீவா, டாஸ்மேனியாவா, வீட்டுப் பின்னால் இருக்கும் குன்றா?

வருடத்துக்கு இரண்டு மூன்று பேராவது என்னிடம் இதைக் கேட்டுவிடுகிறார்கள். "கங்காரு பாத்தாச்சு, கோவாலா பாத்தாச்சு. அந்த அஞ்சு சென்ட் காசுல ஒண்ணு இருக்குமே, அதைக் காட்டுல பாக்கணும்னா எங்க போகணும்?" 1966-இல் ஆஸ்திரேலியா டாலருக்கு மாறியபோது ஐந்து சென்ட்டில் ஏறிய எக்கிட்னா இன்றைக்கும் அதில்தான் இருக்கிறது. இந்த நாட்டில் பத்து வருடம் குப்பை கொட்டியும் அதைக் காசில் மட்டுமே பார்த்தவர்கள் எனக்குத் தெரிந்தே ஏராளம்.

கேள்வி சின்னது. பதில்தான் நீளும். கோவாலா என்றால் இன்ன மரம், பெங்குவின் என்றால் இன்ன கடற்கரை, இருட்டியதும் கரையேறும் என்று கைகாட்டிவிடலாம். எக்கிட்னாவுக்கு அப்படிக் காட்ட இடமில்லை, ஏனென்றால் அது எங்கும் இருக்கிறது. பனி விழும் மலையிலும், நடு ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்திலும், குவீன்ஸ்லாந்தின் மழைக்காட்டிலும், சிட்னி புறநகரின் பின்பக்கப் புதரிலும் இருக்கிறது. எறும்பும் கறையானும் கிடைத்தால் போதும். தனியாகத் திரியும், குரல் கொடுக்காது, இத்தனை மணிக்கு இங்கே வரும் என்ற வழக்கம் கிடையாது. எங்கும் இருப்பதாலேயே எங்கே தேடுவது என்று தெரியாத பிராணி.

தமிழில் சிலர் இதை முள்ளெறும்புண்ணி என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் ஒரு சங்கடம். முள் என்றதும் முள்ளம்பன்றியும், எறும்பு என்றதும் நம்மூர் அழுங்கும் மனதில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டுக்கும் இதற்கும் உறவே இல்லை. தென்மாவட்டத் தேரிக்காட்டு முள்ளெலிக்கும் இதற்கும்கூட இல்லை. முட்டையிட்டுப் பால் கொடுக்கும் இனத்தில் உலகத்தில் மிஞ்சியிருப்பது பிளாட்டிபஸும் எக்கிட்னாக்களும் மட்டும்தான். அதனால் எக்கிட்னா என்றே எழுதுகிறேன்.

முதலில் காலண்டரைப் பாருங்கள்

இடத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் விமான டிக்கெட்டில் எந்த மாதம் போட்டிருக்கிறது என்று பாருங்கள். பாதி முடிவு அதிலேயே இருக்கிறது.

எக்கிட்னாவின் உடம்புச் சூடு சுமார் 32 டிகிரி. நம்மைவிட ஐந்து டிகிரி குறைவு. அதற்கு வியர்க்காது, நாய் மாதிரி இளைக்கவும் தெரியாது. வெயில் ஏறினால் ஏதாவது மரப்பொந்திலோ பாறை இடுக்கிலோ போய் முடங்கிவிடும். மேற்கு ஆஸ்திரேலியாவில் வெப்பப் படக் கேமரா வைத்து ஆராய்ந்தவர்கள் 2023-இல் ஒரு வேடிக்கையான விஷயத்தை வெளியிட்டார்கள்: சூடு தாங்காதபோது அது மூக்கில் சளிக் குமிழி ஊதி உடைக்கிறது. நனைந்த மூக்கு நுனியில் ஈரம் ஆவியாகும்போது அதற்குள் ஓடும் ரத்தம் குளிர்கிறது. கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் தேடிப் போகிறவர்களுக்கு இதில் ஒரு செய்தி உண்டு. டிசம்பர், ஜனவரியில், அதாவது இங்கத்துக் கோடையில், தீவுகளை விட்ட ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் பகல் பதினோரு மணிக்குத் தேடி அலைந்தால் உங்களுக்குத்தான் வியர்க்கும், எக்கிட்னா வராது. கோடையில் அது ராத்திரிப் பிராணி. விடிகாலையிலும் சில நேரம் தென்படும். குளிர்காலத்தில் கதை தலைகீழ். வெயில் இதமாக ஏறிய பிற்பகலில் சாவகாசமாக வெளியே உலாவும்.

இதற்கு மேல் இன்னொன்று, இனப்பெருக்கக் காலம். ஜூன் பிற்பகுதியிலிருந்து செப்டம்பர் வரை ஆண்கள் பெண்ணைத் தேடி அலையும். ஒரு பெண்ணின் பின்னால் மூன்று, நான்கு, சில சமயம் பத்து ஆண்கள்கூட வரிசையாக, ரயில் பெட்டி கோத்த மாதிரி போகும். ஆங்கிலத்திலும் அதை ரயில் என்றுதான் சொல்கிறார்கள். வருடம் முழுக்கத் தனியாகத் திரியும் பிராணி கூட்டமாகத் தெரியும் ஒரே பருவம் இது. பின்னால் வருகிறவைக்கு வேறு எதிலும் கவனம் இருக்காது, அதனால் பக்கத்தில் நீங்கள் நின்றாலும் பெரிதாக அலட்டிக்கொள்ளாது.

ஆகவே பெருநிலத்துக்கும் கங்காரு தீவுக்கும் ஜூலை முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை நல்ல காலம். டாஸ்மேனியாவின் கணக்கு வேறு.

கங்காரு தீவு

யாரைக் கேட்டாலும் முதலில் சொல்லும் பெயர். சொல்வதில் நியாயமும் இருக்கிறது. தீவில் நரி கிடையாது, முயல் கிடையாது. கறையானும் எறும்பும் நிறைந்த குட்டை யூகலிப்டஸ் காடு. எக்கிட்னாவின் வாழ்க்கையைப் பற்றி இன்று புத்தகங்களில் இருக்கும் பல விஷயங்கள், முட்டை, பைக்குள் குட்டி, ரயில் எல்லாம் சேர்த்து, பெகி ரிஸ்மில்லர் என்ற ஆய்வாளர் இந்தத் தீவின் பெலிக்கன் லகூனில் பல வருடங்கள் பின்தொடர்ந்து கண்டவை. தீவில் இருப்பது தனித் துணையினம். முள் நீளம், நெருக்கம் அதிகம், நிறமும் வெளிறி வைக்கோல் மாதிரி இருக்கும். படம் எடுக்கிறவர்களுக்கு எல்லா எக்கிட்னாக்களிலும் இதுதான் அழகாக விழும்.

இடைஞ்சல் என்னவென்றால் தூரமும் செலவும். அடிலெய்டிலிருந்து கேப் ஜெர்விஸுக்குச் சுமார் ஒன்றே முக்கால் மணி நேரம் கார் ஓட்ட வேண்டும், அங்கிருந்து பென்னஷாவுக்கு ஃபெர்ரியில் முக்கால் மணி நேரம். காரையும் ஏற்றிக்கொண்டு போனால் அந்தச் சின்னக் கடல் தூரத்துக்கு அவர்கள் கேட்கும் பணம் வயிற்றைக் கலக்கும். "தீவு" என்றதும் ராமேஸ்வரம் அளவுக்குக் கற்பனை செய்துகொண்டு போகிறவர்கள் இன்னொரு இடத்தில் ஏமாறுவார்கள்: கிழக்கு முனையிலிருந்து மேற்கு முனைக்கு 150 கிலோமீட்டர். காலையில் போய் மாலையில் திரும்பும் பயணத்தில் பாதி நாள் காருக்குள்ளேயே கழியும். இரண்டு ராத்திரியாவது தங்கினால்தான் காசுக்கு மதிப்பு.

2019 டிசம்பரிலும் 2020 ஜனவரியிலும் எரிந்த காட்டுத்தீயில் ஏறக்குறைய பாதித் தீவு கருகியது. மேற்கே இருக்கும் ஃபிளிண்டர்ஸ் சேஸ் தேசியப் பூங்காவில் பெரும்பகுதி போயிற்று. காடு திரும்ப வளர்ந்துகொண்டிருக்கிறது, எக்கிட்னாவும் அங்கே இருக்கிறது. தீ வந்தால் ஓடுகிற சாதி இல்லை அது. பொந்துக்குள் போய் உடம்பைக் குளிர விட்டுத் தூங்கிக் கடக்கும். ஆனால் தீக்குப் பிறகு புதர் ஆள் உயரத்துக்கு அடர்ந்திருக்கும் பகுதிகளில் எதுவும் கண்ணில் படாது. மண்பாதை ஓரங்களிலும், கிழக்குப் பகுதி மேய்ச்சல் நிலமும் காடும் சந்திக்கும் விளிம்புகளிலும் பார்ப்பது லாபம்.

பெட்டி கட்டும்போது ஒன்று கவனியுங்கள். இந்தத் தீவுக்குத் தேன் கொண்டுபோகக் கூடாது. லிகூரியத் தேனீக்களுக்காக 1885-இலேயே காப்பிடமாக அறிவித்து நோயில்லாமல் காத்துவருகிறார்கள். கஷாயத்துக்கு என்று மாமியார் கொடுத்துவிட்ட தேன் பாட்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகவும்.

டாஸ்மேனியா

இங்கே இருப்பது முள் வைத்த எக்கிட்னா என்பதைவிடக் கம்பளி போர்த்திய எக்கிட்னா என்று சொல்லலாம். குளிருக்காக ரோமம் அவ்வளவு அடர்த்தி. முள் ரோமத்துக்குள் பாதி மறைந்திருக்கும். முதல் தடவை பார்த்தபோது ஏதோ கரடிக்குட்டி சாலையோரத்தில் மண்ணைக் கிளறுகிறது என்றுதான் நினைத்தேன். அழகில் எனக்கு இதுவே முதலிடம், வைக்கோல் நிறக் கட்சிக்காரர்கள் மன்னிக்கவும்.

டாஸ்மேனியாவின் பெரிய லாபம் அதன் கோடை. சிட்னியும் அடிலெய்டும் நாற்பது டிகிரியில் வேகும்போது இங்கே பல நாள் இருபது, இருபத்திரண்டுதான். அதனால் டிசம்பர், ஜனவரியிலும் எக்கிட்னா பகலில் நடமாடும். ஹோபார்ட்டிலிருந்து ஒன்றேகால் மணி நேரத்தில் மவுன்ட் ஃபீல்டு தேசியப் பூங்கா. ரஸ்ஸல் அருவிக்குப் போகும் கூட்டத்தை விட்டு விலகி, நுழைவாயில் பக்கத்துப் புல்வெளியிலும் ஓடைக்கரையிலும் மெதுவாகச் சுற்றினால் நல்ல வாய்ப்பு. அதே ஓடையில் பிளாட்டிபஸும் உண்டு. முட்டையிடும் பாலூட்டிகள் இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட்டேன் என்று ஊருக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம். வடக்கே கிரேடில் மலையில் வோம்பாட் என்ற குண்டுப் பிராணியைப் பார்க்க எல்லோரும் இறங்கும் ரானி ஓடைப் பகுதியிலும் மரப்பலகைப் பாதையை ஒட்டி எக்கிட்னா வரும். இதெல்லாம் வேண்டாம், சும்மா கிராமச் சாலையில் பகலில் ஓட்டிக்கொண்டு போனாலே ஓரத்து மண்சரிவில் ஒன்று நோண்டிக்கொண்டிருக்கும்.

இனி எச்சரிக்கை. டாஸ்மேனிய எக்கிட்னா குளிர்காலத்தில் நீண்ட உறக்கம் போடும். டாஸ்மேனியப் பல்கலைக்கழகத்தின் ஸ்டூவர்ட் நிக்கோலும் அவரோடு வேலை செய்தவர்களும் பல வருடம் ரேடியோ மாட்டித் தொடர்ந்து கண்டது: கோடை முடிந்து இலையுதிர்காலம் தொடங்கும்போதே படுக்க ஆரம்பித்துவிடுகின்றன, ஆண்கள் ஜூன் வாக்கில் எழுகின்றன, பெண்கள் அதற்கும் பின்னால். தூங்கும் பெண்ணைத் தேடிப் போய் ஆண் சேர்வதும், பெண் அப்புறம் மறுபடி தூங்கிவிடுவதும்கூட நடக்கிறதாம். ஆகவே ஏப்ரல், மே மாதத்தில், சென்னை வெயிலுக்குத் தப்பி வரும் அப்பா அம்மாவை எக்கிட்னாவுக்காக டாஸ்மேனியா கூட்டிப்போவது வீண். மலை அழகாக இருக்கும், சந்தேகமில்லை. எக்கிட்னா மண்ணுக்கடியில் இருக்கும்.

மெல்பர்ன் பக்கத்து ஜீலாங்கிலிருந்து கப்பலில் போனால் கிட்டத்தட்ட ஒரு ராத்திரிப் பயணம். விமானமோ கப்பலோ, பழம் காய்கறியை இறங்குமிடத்தில் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

பெர்த்காரர்களுக்கு டிரையாண்ட்ரா

இதை விரிவாகச் சொல்லப் போவதில்லை, பெர்த்தில் இருக்கிறவர்களைத் தவிர வேறு யாரும் எக்கிட்னாவுக்காக அங்கே பறக்க மாட்டார்கள். பெர்த்துக்குத் தென்கிழக்கே சுமார் 170 கிலோமீட்டர். கோதுமை வயல்களுக்கு நடுவே தப்பிப் பிழைத்த வாண்டூ மரக்காடு. உள்ளே கூடாக விழுந்து கிடக்கும் மரங்கள்தான் இங்கே எல்லாவற்றுக்கும் ஆதாரம்: கறையான் அதில், கறையானைத் தின்னும் நம்பாட் அதில், எக்கிட்னாவும் அதில். நம்பாட் பகலில் மட்டும் நடமாடும் அருமையான பிராணி, உலகத்தில் மிகக் குறைவாக மிஞ்சியிருப்பது. அதைத் தேடிச் செப்டம்பரில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் மண்பாதையில் ஊர்ந்துகொண்டே போகிறவர்களுக்கு எக்கிட்னா இலவச இணைப்பு. நம்பாட் கிடைக்காமல் எக்கிட்னாவோடு திரும்பி வந்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டவர்களும் உண்டு. எனக்கு அவர்களைப் புரியவில்லை.

வீட்டுப் பின்னால் இருக்கும் குன்று

என் ஓட்டு இதற்குத்தான். நான் இருப்பது கான்பெராவில். ஊரைச் சுற்றி மவுன்ட் மஜூரா, மவுன்ட் எயின்ஸ்லி, பிளாக் மவுன்டன் என்று குன்றும் புதருமாகக் காப்பகங்கள். சிட்னியில் இருந்தால் மான்லி பக்கத்து நார்த் ஹெட், தெற்கே ராயல் தேசியப் பூங்கா. மெல்பர்னில் வாரண்டைட் பக்கத்து ஆற்றங்கரை. உங்கள் ஊருக்கும் ஏதாவது ஒன்று இருக்கும்.

தீவுக்குப் போகிறவர் இரண்டு மூன்று நாள் பார்ப்பார், அத்தோடு சரி. பக்கத்துக் குன்றுக்கு ஆகஸ்டு, செப்டம்பர் இரண்டு மாதத்தில் பன்னிரண்டு முறை போகலாம், பெட்ரோல் தவிர செலவில்லை. என் அனுபவத்தில் அந்தப் பருவத்தில் நான்கு முறை போனால் ஒரு முறையாவது எக்கிட்னா உண்டு. முக்கியமானது அதுவல்ல. திரும்பத் திரும்பப் போகும்போதுதான் கண் பழகுகிறது. காலில் மிதிபடும் மண்ணிலேயே எழுதியிருப்பதைப் படிக்க வருகிறது.

என்ன படிப்பது? முதலில் தோண்டிய தடம். எறும்புப் புற்றின் ஓரத்தை யாரோ களைக்கொட்டால் கொத்தின மாதிரி வாரிவிட்டு, குழியின் அடியில் விரல் பருமனுக்கு ஒரு துளை இருந்தால் அது எக்கிட்னா. அந்தத் துளை மூக்கு நுழைந்த இடம். பான்டிகூட் என்ற, எலி மாதிரியான சின்னப் பிராணியும் குழி பறிக்கும், ஆனால் அந்தக் குழி சின்னக் கூம்பாக, துப்புரவாக இருக்கும். மண் இன்னும் ஈரமாகக் கறுத்திருந்தால் ஆள் பக்கத்தில்தான். அடுத்தது எச்சம். சுண்டுவிரல் பருமன், உருளை வடிவம், முனை ஒடிந்த மாதிரி. கையில் குச்சியால் உடைத்து வெயிலில் காட்டினால் உள்ளே பொடிப் பொடியாக எறும்பு ஓடுகள் மினுக்கும், மீதி முழுக்க மண். நாற்றமே இருக்காது.

கான்பெரா பக்கம் இன்னொரு ரகசியமும் உண்டு, அறுபதுகளில் மெர்வின் கிரிஃபித்ஸ் என்ற ஆய்வாளர் கண்டுபிடித்து எழுதியது. இங்கே மீட் ஆன்ட் என்று சொல்லும் பெரிய செந்நிற எறும்பு, சரளைக்கல் பரப்பி மீட்டர்க்கணக்கில் அகலமாகப் புற்று வைக்கும். கடி பொறுக்க முடியாது. வருடத்தின் பெரும்பகுதி எக்கிட்னா அந்தப் புற்றுப் பக்கம் போகாது. ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை மட்டும் கடி வாங்கினாலும் பரவாயில்லை என்று போய் விழும். அப்போதுதான் கொழுப்பு நிறைந்த கன்னி ராணி எறும்புகள் புற்றின் மேல்பகுதிக்கு வந்து சூடு காயும். தெற்கு அரைக்கோளத்தில் வெயில் வடக்கிலிருந்து அடிப்பதால் புற்றின் வடபுறம்தான் சூடு, ராணிகள் அங்கே, எக்கிட்னா தோண்டுவதும் அங்கேயே. செப்டம்பரில் மீட் ஆன்ட் புற்று ஒவ்வொன்றின் வடபுறத்தையும் பார்த்துக்கொண்டே நடப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

ஒரு செப்டம்பர் சனிக்கிழமை, திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த மாமனாரை மவுன்ட் மஜூராவுக்குக் கூட்டிப்போனேன். மணி மூன்று இருக்கும். ஒரு புற்றின் ஓரத்தில் புது மண் பார்த்து நின்றோம். முதலில் சத்தம்தான் கேட்டது: காய்ந்த யூகலிப்டஸ் இலைமேல் யாரோ சாக்கை இழுத்துக்கொண்டு போகிற சரசரப்பு, நடுநடுவே மூக்கை உறிஞ்சும் ஒலி. அப்புறம் மரத்தடியில் கிடந்த விறகுக்கட்டை நகர்ந்தது. ஒரு பூசணிக்காய் அளவு. முன்னங்கால் உள்பக்கம் மடங்கிப் பயில்வான் நடை, பின்னங்கால் விரல்கள் பின்னால் பார்த்தபடி. "மாப்ள, கால் திருகிட்டுல்லா போச்சு, அடிபட்டிருக்கோ?" என்றார் மாமா. அடிபடவில்லை, அதற்குப் பாதமே அப்படித்தான். மண்ணைப் பின்னால் தள்ளவும், முள்ளுக்கு நடுவே சொறிந்துகொள்ளவும் வசதி. இரண்டாவது விரலில் சொறிவதற்கென்றே ஒரு நீள நகம் இருக்கிறது.

இருவரும் அசையவில்லை. அது மண்ணை நுகர்ந்துகொண்டே வந்தது. மாமாவின் செருப்பு நுனியில் மூக்கு பட்டதும் நின்றது. ஈரமான கறுப்பு மூக்கு, பென்சில் மாதிரி. அதில் மின்சாரத்தை உணரும் நுண்ணுறுப்புகள் உண்டு. வாய் என்று இருப்பது நுனியில் சின்னப் பிளவு, அதிலிருந்து மண்புழு நிறத்தில் நாக்கு வந்து போயிற்று. இரண்டு விநாடி யோசித்துவிட்டு, செருப்பைச் சுற்றிக்கொண்டு தன் வழியே போனது. "நம்மூரு அழுங்கு ஆளைப் பாத்தா பந்தா சுருண்டுக்கிடும். இதுக்குப் பயமே இல்ல பாருங்க" என்றார். பயம் இருக்கிறது. நாங்கள் மரம் என்று அது நினைத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

யாரோடு போவது

கங்காரு தீவு, டாஸ்மேனியா இரண்டிலும் வழிகாட்டியோடு போகும் பயணங்கள் கிடைக்கும். நல்ல வழிகாட்டிக்கு அந்த வாரம் எது எங்கே திரிகிறது என்று தெரியும், வண்டியை நிறுத்தும் இடமும் தெரியும். கார் ஓட்டாதவர்களுக்கும், ஒரே நாள் கையில் இருப்பவர்களுக்கும் அதுதான் சரி. ஆனால் பதிவு செய்வதற்கு முன் கூட்டத்தின் அளவைக் கேளுங்கள். ஒரு தடவை இருபது பேர் கொண்ட வேனில் போனேன். சாலையோரத்தில் எக்கிட்னா தெரிந்ததும் ஓட்டுநர் நிறுத்தினார், இருபது பேரும் கதவைச் சாத்திக்கொண்டு திபுதிபுவென்று இறங்கி வட்டம் கட்டினார்கள். அந்தப் பிராணி நின்ற இடத்திலேயே நேராகக் கீழே தோண்டி, அரை நிமிடத்தில் முள் மட்டும் வெளியே தெரிய மண்ணுக்குள் இறங்கிவிட்டது. மீதி இருபது நிமிடமும் நாங்கள் பார்த்தது ஒரு முள் மேடு. ஆறு பேருக்கு மேல் போகும் பயணத்துக்கு அதற்கப்புறம் நான் பணம் கட்டியதில்லை.

தனியாகப் போகிறவர்களுக்கு யார் எந்தப் பிராணியை எங்கே பார்த்தார்கள் என்று பதிவு வைக்கும் இணையதளங்களான ஐநேச்சுரலிஸ்ட், அட்லஸ் ஆஃப் லிவிங் ஆஸ்திரேலியா இரண்டும் இலவசம். உங்கள் பகுதியில் எக்கிட்னா பதிவுகளைப் போட்டுப் பார்த்து, அவற்றில் ஜூலை முதல் அக்டோபர் வரை உள்ளவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் முன்பு யாரோ பார்த்த ஒற்றைப் புள்ளியைவிட, மூன்று வருடமாகத் தொடர்ந்து பதிவு வந்திருக்கும் பாதை நம்பகமானது. அடிலெய்டு பல்கலைக்கழகத்தார் 2017-இல் தொடங்கிய எக்கிட்னா சி.எஸ்.ஐ. என்ற திட்டம் பொதுமக்களிடமிருந்து படமும் எச்சமும் கேட்கிறது. எச்சத்தை வைத்து அந்த விலங்கின் ஹார்மோன், உணவு எல்லாம் பார்க்கிறார்கள். நாம் காலால் தள்ளிவிட்டுப் போவது அவர்களுக்குப் பொக்கிஷம்.

கண்டுபிடித்தபின்

கண் அவ்வளவு கூர்மை இல்லை, காதும் மூக்கும் கூர்மை, மண் அதிர்வு உடனே தெரியும். அதனால் காற்று அதன் பக்கமிருந்து உங்கள் பக்கம் வரும்படி நில்லுங்கள். அது மூக்கை மண்ணுக்குள் விட்டிருக்கும்போது மட்டும் இரண்டு அடி வையுங்கள். தலை தூக்கினால் சிலையாகுங்கள். ஐந்து மீட்டர் போதும், அதற்கப்புறம் உட்கார்ந்துவிடுங்கள். மீதித் தூரத்தைப் பெரும்பாலும் அதுவே வந்து தீர்த்துவைக்கும். ஃபிளாஷ் வேண்டாம். ஃபோன் கேமராவின் க்ளிக் சத்தத்தை அணைத்துவிடுங்கள், அந்த ஒரு சத்தத்துக்கே உறைந்துபோன எக்கிட்னாவைப் பார்த்திருக்கிறேன். புதைந்துவிட்டால் பத்துப் பதினைந்து நிமிடம் தள்ளி நின்று பாருங்கள், மூக்கு மெதுவாக வெளியே வரும். வராவிட்டால் கிளம்பிவிடுவது மரியாதை. நாயை வீட்டில் விட்டுவிட்டுப் போகவும், சங்கிலியில் கட்டியிருந்தாலும்.

தூக்கவே கூடாது. சாலையில் நின்றால் பாதுகாப்பாக வண்டியை நிறுத்தி, அது போகும் திசையிலேயே கடக்க விடுங்கள். பாவம் என்று நினைத்து "நல்ல காட்டில்" கொண்டுபோய் விடுகிறவர்கள் செய்யும் கெடுதல் அவர்களுக்கே தெரியாது. முள் முளைக்கத் தொடங்கியதும் தாய் குட்டியைப் பையிலிருந்து எடுத்து வளையில் வைத்து, வாயை மண்ணால் மூடிவிட்டு மேயப் போகும். திரும்பி வந்து பால் கொடுப்பது ஐந்தாறு நாளுக்கு ஒரு முறை. வசந்தத்தில் நீங்கள் இடம் மாற்றிய எக்கிட்னா அப்படி ஒரு தாயாக இருந்தால், வளையில் ஒன்று காத்திருக்கும்.

மிருகக்காட்சிச் சாலையை இந்தப் பட்டியலில் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். காட்டில் பார்த்த கணக்கில் சேராது. ஆனால் முதல் பயணத்துக்கு முன் சிட்னி டரோங்காவிலோ மெல்பர்ன் பக்கத்து ஹீல்ஸ்வில்லிலோ அரைமணி நேரம் நின்று நடையையும் தோண்டும் விதத்தையும் பார்த்துவைத்தால், காட்டில் விறகுக்கட்டை நகரும்போது கண் உடனே பிடிக்கும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதை வற்புறுத்திச் சொல்வேன்.

நியூகினியில் நீள மூக்கு எக்கிட்னாக்கள் இருக்கின்றனவே என்பவர்களுக்கு: அவற்றில் ஒன்றான, 1961-இல் கிடைத்த ஒரே ஒரு மாதிரி உடலோடு சரி என்றிருந்த அட்டன்பரோ எக்கிட்னாவை 2023-இல் சைக்ளோப்ஸ் மலையில் மறுபடி படம்பிடித்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டு குழு ஒன்று வாரக்கணக்கில் கேமராப் பொறிகள் வைத்து, கடைசி நாளில் எடுத்த கடைசி மெமரி கார்டில்தான் அது இருந்தது. உங்களுக்கு அவ்வளவு லீவு கிடைக்காது.

மாதத்தைச் சொல்லுங்கள், இடத்தைச் சொல்கிறேன்

டிசம்பர், ஜனவரியில் வருகிறீர்களா? டாஸ்மேனியா. பெருநிலத்தில் தேடியே தீருவேன் என்றால் விடியலுக்கு முன் எழ வேண்டும். பிப்ரவரியில் தெற்கே கூட்டம் கொஞ்சம் குறைந்திருக்கும், எக்கிட்னாவும் குறைய ஆரம்பித்திருக்கும். மார்ச்சிலிருந்து மே வரை டாஸ்மேனியாவை மறந்துவிட்டு, பெருநிலத்துக் காப்பகங்களில் இதமான பிற்பகல்களில் பாருங்கள், எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு. ஜூலை, ஆகஸ்டில் ஐந்து நாள் லீவும் கையில் கொஞ்சம் பணமும் இருந்தால் கங்காரு தீவு. ரயிலைப் பார்க்கும் வாய்ப்பு அப்போதுதான், ஆனால் மழையும் குளிர்காற்றும் அடிக்கும், நல்ல ஜாக்கெட் வேண்டும். செப்டம்பர் என்றால் பக்கத்துக் குன்று, மணி இரண்டிலிருந்து ஐந்து வரை.

இங்கேயே குடியிருப்பவர் என்றால் தீவுக்கு டிக்கெட் போடுவதைத் தள்ளிவையுங்கள். இந்த ஆகஸ்டில் வாரம் ஒரு பிற்பகல் ஒதுக்கி ஒரே பாதையில் நடந்து பாருங்கள். தீவுக்குக் கடல் கடந்து போவதை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம், அதற்குள் புற்றின் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று உங்கள் கண்ணுக்கே தெரிந்திருக்கும்.